பெயர் வேண்டாம், பாடாலூர்

இந்த மாதம் 'நேர்மையாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?' என்ற தலைப்பில் கேள்வி அனுப்பச் சொன்னதுதான் தாமதம், கடிதம் கடிதமாக வந்து விழுந்துவிட்டது. நேர்மையைப் பற்றிக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் 'பெயர் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். நல்லது. தொழிலையும் ஊரையும் மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

டீ மாஸ்டர், பாடாலூர்: நேர்மையாக இருந்தால் சந்தோஷமாக இருக்கலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மாமா.

இருக்கலாம். இரண்டாவது வார்த்தைக்கு ஒரு டீ ஆகும்.

அதே டீ மாஸ்டர்: டீ அனுப்பிவிட்டேன். இப்போது சொல்லுங்கள்.

பொய் சொல்கிறவனுக்கு இரண்டு நோட்டு வேண்டும். நடந்தது ஒன்றில், சொன்னது இன்னொன்றில். யாரிடம் எதைச் சொன்னோம் என்று நாள் முழுக்கப் பக்கம் புரட்ட வேண்டும். மெய் சொல்கிறவனுக்கு ஒரே நோட்டு. அதையும் அவன் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறான். டீயில் சர்க்கரை கம்மி.

ஜவுளிக்கடைக்காரர், பெரம்பலூர்: அயோக்கியன் எல்லாம் கார், பங்களா என்று ஜாலியாகத்தானே இருக்கிறான்?

இருக்கிறான். இல்லை என்று சொன்னால் இந்தப் பகுதியே பொய்யாகிவிடும். ஏ.சி. உண்டு, மெத்தை உண்டு, மெத்தைக்குள்ளேயும் உண்டு. ஆனால் கைது வாரண்ட் வருகிற அன்றைக்கே நெஞ்சுவலியும் வருகிறதே, கவனித்தீர்களா? இதய நோய்க்கு முதல் காரணம் கொழுப்பு என்கிறார்கள் டாக்டர்கள். அரசியலில் இரண்டாவது காரணம் சம்மன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரியலூர்: நம்ம பக்கத்தில் நேர்மைக்கு ஓர் உதாரணம் உண்டா?

உங்கள் ஊரில் இறங்கினாலே போதுமே! 1956 நவம்பர் 23, விடிவதற்கு முன். மருதையாற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே கவிழ்ந்தது. சுமார் 150 பேர் செத்தார்கள்.

பச்சைமலையில் பிறந்து நம் ஆலத்தூர்ப் பக்கமாக வருகிற அதே மருதையாறுதான். மற்ற நாளில் அதில் மணல் மட்டும்தான் ஓடும். அதுவும் ராத்திரியில், லாரியில்.

அப்போது டில்லியில் ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அந்தத் தண்டவாளத்தை அவர் போடவில்லை. அந்த மழையை அவர் பெய்விக்கவில்லை. ராஜினாமாவை மட்டும் எழுதினார்.

அதே வாசகர்: அதுதான் அவருடைய முதல் ராஜினாமாவா?

இல்லை. இரண்டு மாதம் முன்னால் மகபூப்நகரில் பாலம் போய் 100 பேருக்கு மேல் இறந்தபோதே எழுதிக் கொடுத்தார். நேரு திருப்பிக் கொடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்பதற்காக அல்ல; பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு முன்மாதிரி இருக்கட்டும் என்று.

1999ல் கைசால் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே மந்திரி நிதிஷ் குமார் விலகினார். மற்றபடி பெரும்பாலும் தண்டவாளம்தான் விலகியது.

கல்லூரி மாணவர், அரியலூர்: விலகியதால் சாஸ்திரிக்கு என்ன லாபம்?

லாபம் பார்த்து எழுதினால் அதற்கு ராஜினாமா என்று பெயரில்லை தம்பி, முதலீடு. ஆனாலும் வணிகவியல் மாணவர் கேட்கிறீர்கள், கணக்கு இதோ. 1957ல் மறுபடி மந்திரி. 1961ல் உள்துறை. 1963ல் காமராஜர் திட்டத்தில் இன்னொரு முறை பதவியை விட்டார். 1964 ஜூனில் பிரதமர்.

ஆக, அவரை இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழுப்பியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கடைசியில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்ததிலும் நம் காமராஜருக்குத்தான் முதல் பங்கு. எழுந்திருக்கத் தெரிந்த ஆளை உட்கார வைக்க யாருக்கும் பயமில்லை.

வரலாற்று ஆசிரியை, குன்னம்: அப்போது துணை மந்திரியாக இருந்த நம்ம ஓ.வி. அழகேசனைத்தானே மேடை மேடையாகத் திட்டினார்கள்?

அரியலூரையும் அழகேசனையும் மோனையில் கட்டி தி.மு.க. போட்ட கோஷம் இந்தப் பக்கத்துத் தாத்தாக்களுக்கு இன்னும் மனப்பாடம். தாத்தாக்கள் பாதிக் கதையோடு வெற்றிலை போடப் போய்விடுவார்கள், மீதி இது. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எரிந்தபோது, மத்திய மந்திரி பதவியை விடுகிறோம் என்று கடிதம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சி. சுப்பிரமணியம். இன்னொருவர் இதே அழகேசன். கடிதத்தை வாங்கியவர் பிரதமர் சாஸ்திரி! ஏற்க வேண்டாம் என்று தடுத்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன்.

இதற்கு மோனை அமையவில்லை. அதனால் யாருக்கும் ஞாபகமில்லை.

இல்லத்தரசி, செட்டிகுளம்: சாஸ்திரி கடனோடு செத்தார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கடனை யார் கட்டியது?

அம்மா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. 1964ல் பிரதமர் ஒரு ஃபியட் கார் வாங்கினார். கையில் இருந்தது போதாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் இறந்துபோனார். கடனை அடைத்தவர் மனைவி லலிதா. அதுவும் தன் பென்ஷனிலிருந்து.

நேர்மையாளருக்கு ஊர் ஊராகச் சிலை வைக்கிறோம். தவணை கட்டியவருக்குப் பக்கத்தில் ஒரு பீடமாவது போட்டிருக்கலாம்.

பெயர் வேண்டாம், பாடாலூர்: மனசாட்சி உறுத்துவது எப்போது நிற்கும்?

இரண்டு வழி இருக்கிறது. தப்பைத் திருத்தினால் நிற்கும். தப்பு பழகிவிட்டாலும் நிற்கும். இரண்டாவது வழியில்தான் எப்போதும் டிராஃபிக்.

சின்ன வெங்காய விவசாயி, ஆலத்தூர் வட்டம்: வியாபாரி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறான். இவன் நன்றாக இருப்பானா?

விளைவித்தவன் அழுகிறான், உரிக்கிறவள் அழுகிறாள், நடுவில் நிற்கிறவன் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்.

அது சரி, பட்டறையைப் பிரித்து மூட்டை போடும்போது அழுகலை நடுவில் வைத்துத் தைத்தீர்களே, அதை எந்தக் கணக்கில் கழிப்பது?

மளிகைக்கடைக்காரர், சிறுவாச்சூர்: என் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடச் சொல்கிறார்கள். என்னை நம்பமாட்டார்களா?

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை என்பது சட்டம். தராசைத்தான் சோதிக்கிறார்கள், தராசுக்குப் பின்னால் இருப்பவரை அல்ல. அப்படி ஒரு முத்திரை மனிதர்களுக்கும் வந்தால் வரிசை சமயபுரம் வரைக்கும் நிற்கும். நீங்களும் நானும் அதில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்போம்.

பால் ஊற்றுபவர், பாடாலூர்: பால்மானியே என் பால் சுத்தம் என்று காட்டும்போது, சங்கத்தில் கொழுப்பையும் ஏன் அளக்கிறார்கள்?

ஏனென்றால் பால்மானி ஒரு வெகுளி. அதற்கு அடர்த்தி மட்டும்தான் தெரியும். தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி இறங்கும், மாட்டிக்கொள்வீர்கள். ஆடையை எடுத்தால் அடர்த்தி ஏறும். எடுக்கிற அளவு எடுத்து, ஊற்றுகிற அளவு ஊற்றினால் 'சுத்தமான பால்' என்று அது சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்யும். இரண்டு திருட்டு சேர்ந்தால் ஒரு யோக்கியன் பிறந்துவிடுகிறான்.

கூட்டணி அரசியலுக்கும் விளக்கம் இதுதான்.

பக்தர், சிறுவாச்சூர்: தப்பு செய்துவிட்டு அம்மனிடம் முறையிட்டால் மன்னிப்பாளா?

மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். மீதி ஐந்து நாளும் உங்களை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்குவாரி லாரி ஓட்டுநர், பெரம்பலூர் மாவட்டம்: நடைச்சீட்டு ஒன்று, நடை மூன்று. முதலாளி சொல்கிறார், ஓட்டுகிறேன். பாவம் யாருக்கு?

பாவம் பங்கு பிரிப்பது என் இலாகா அல்ல. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வண்டியைப் பிடிக்கிற அன்று முதலாளி போன் 'சுவிட்ச் ஆஃப்' என்று ஓர் அம்மா அழகாகச் சொல்வார்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியவனுக்கு வீரவசனம் சொல்லிக்கொடுப்பது சுலபம். வேறு வண்டி கிடைக்கிற வரை ஓட்டுங்கள்; ஆனால் வேறு வண்டி தேடிக்கொண்டே ஓட்டுங்கள்.

பள்ளி மாணவி, சாத்தனூர்: எங்கள் ஊர்க் கல்மரம் மாதிரி கொள்கையில் உறுதியாக இருப்பது எப்படி?

கண்ணு, உங்கள் ஊர்க் கல்மரத்துக்கு வயது 12 கோடி ஆண்டு. நீளம் 18 மீட்டர். 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. எல்லாம் பெருமைதான். ஆனால் கிட்டே போய்ப் பார், அதில் மரமே கிடையாது. மரம் இருந்த இடத்தையெல்லாம் தாது பிடித்துக்கொண்டு, உருவம் மட்டும் மிச்சம். பெரிய பெரிய கொள்கைக் கட்சிகளும் அப்படித்தான் கிடக்கின்றன. நீ துளிர்க்கிற மரமாகவே இரு.

இளைஞர், குன்னம்: 2020ல் எங்கள் ஊரில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று உலகமே பேசியது. அது பொய்யா?

குளம் வெட்டியபோது உருண்டை உருண்டையாக வந்தது நிஜம். முட்டை என்றது வாட்ஸ்அப். ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் படிவம் என்றார்கள். ஒரு காலத்தில் இந்த மண்ணே கடல் என்பதற்குச் சாட்சி அது. முட்டையைவிடப் பெரிய செய்தி. அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

நிஜ முட்டைகளை 2009ல் செந்துறைப் பக்கம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தார்கள். பொய் இல்லாமலே நம்ம ஊர் சுவாரஸ்யமான ஊர்தான். பொறுமைதான் இல்லை.

ஆட்டோ ஓட்டுநர், பெரம்பலூர்: வண்டியில் பர்ஸ் கிடந்தது. திருப்பிக் கொடுத்தேன். பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள்.

உலகத்தில் உங்கள் கட்சிக்காரர்கள் நிறைய. 40 நாடுகளில் 17,000க்கு மேற்பட்ட பர்ஸ்களைக் 'கண்டெடுத்ததாக'ச் சொல்லி அலுவலக வரவேற்பாளர்களிடம் கொடுத்துவிட்டு, யார் திருப்பித் தருகிறார்கள் என்று 2019ல் ஓர் ஆய்வு வந்தது. காசில்லாத பர்ஸ் நூற்றுக்கு 40 திரும்பியது. காசு இருந்த பர்ஸ் 51!

பொருளாதார நிபுணர்களுக்கே மயக்கம். காரணம் என்னவென்றால், பணம் கூடக் கூட 'நான் திருடன்' என்று தன்னையே நினைக்க வேண்டி வருகிறது, அது பிடிக்கவில்லை. உங்களைப் பிழைக்கத் தெரியாதவன் என்றவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் பர்ஸ் தொலைந்தால் யார் ஆட்டோவில் தொலைய வேண்டும்?

பஸ் பயணி, திருச்சி: நெடுஞ்சாலை ஓட்டலில் எங்களுக்கு மட்டும் ஏன் தோசை இந்த விலை?

டிரைவர், கண்டக்டர் சாப்பாட்டையும் சேர்த்துத்தானே நீங்கள் சாப்பிடுகிறீர்கள்.

பேக்கரிக்காரர், பாடாலூர்: ஆளில்லாமல் கடை நடத்த முடியுமா?

பாபநாசம் பேருந்து நிலையத்தில் காந்தி பிறந்தநாளுக்கு ரோட்டரி சங்கத்தார் ஆளில்லாக் கடை வைப்பார்கள். பொருளை எடுத்துக்கொண்டு காசை நீங்களே போட்டுவிட்டுப் போகலாம். போடுகிறார்கள்.

தினசரி வேண்டுமானால் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். காபிக்குக் காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் முறைக்கிற கண்கள் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் இருந்த வாரங்களில் வசூல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, 2006ல் வெளியிட்டார்கள். நம்ம ஊரில் முழி பிதுங்கிய திருஷ்டி பொம்மையை வாசலைப் பார்த்து மாட்டுகிறோம். கல்லாவைப் பார்த்துத் திருப்பி மாட்டினால் ஆச்சு.

பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்: எப்போதோ அரசாங்கத்தை ஏமாற்றிய பணம். இப்போது திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

அமெரிக்கக் கருவூலத்தில் இதற்கென்றே 'மனசாட்சி நிதி' இருக்கிறது. 1811ல் யாரோ ஒருவர் 5 டாலர் அனுப்பித் தொடங்கிவைத்தார். ஒருத்தர் பாதிப் பணத்தை அனுப்பி, இதற்கும் தூக்கம் வராவிட்டால்தான் மீதி என்று எழுதினாராம். அப்படி ஒரு கதை உலவுகிறது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் நீங்களும் அந்த ரகம்தான். முழுசாகக் கட்டுங்கள்.

இளநிலை உதவியாளர், ஓர் அலுவலகம்: எல்லோரும் வாங்குகிறார்கள். நான் வாங்காவிட்டால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். எல்லோரும் குடித்திருக்கும் பந்தியில் குடிக்காதவன்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பான். அந்த பயம்.

ஐ.ஏ.எஸ். கனவு காண்பவர், வேப்பந்தட்டை: நேர்மையான அதிகாரியை ஊர் ஊராகத் தூக்கியடிக்கிறார்களே?

ஹரியானாவில் அசோக் கெம்கா என்று ஒருவர். 2025 ஏப்ரலில் ஓய்வு பெறுவதற்குள் 50க்கு மேற்பட்ட மாறுதல்கள் பார்த்துவிட்டார். நம்ம சகாயம் நாமக்கல் கலெக்டராக இருந்தபோது, 2009ல், தன் சொத்துக் கணக்கை ஊரறிய இணையத்தில் வெளியிட்டார். அவருக்கும் பெட்டி கட்டுவது புதிதல்ல.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. கட்ட வேண்டியது துணிமணி மட்டும்தான். பீரோவை நகர்த்த ஆள் தேட வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், லப்பைக்குடிகாடு: கக்கனைப் போல இருந்தால் கடைசியில் பொது வார்டுதானே?

பத்து வருடம் மந்திரியாக இருந்தவர் கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனைப் பொது வார்டில் படுத்திருந்தார். வேறு ஒருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆருக்கு அப்போதுதான் தெரிந்தது. 1981 டிசம்பரில் காலமானார்.

'பாவம் கக்கன்' என்று சொல்லிச் சொல்லியே நாம் தப்பித்துக்கொள்கிறோம். அவர் பொது வார்டில் படுத்ததில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த வராந்தாவில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வார்டு உறுப்பினர், பெயர் வேண்டாம்: எங்களை மட்டும் திட்டுகிறார்கள். சோழர் காலத்தில் எல்லோரும் யோக்கியமா?

இல்லை. யோக்கியமாக இருந்திருந்தால் விதி எழுதிக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் சபைக்கு யார் வரக்கூடாது என்று பட்டியலே போடுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் மட்டுமா? மாமன், மச்சான், சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளை என்று உறவுமுறையே வரக்கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே 'பினாமி' தெரிந்திருக்கிறது.

அந்த விதியை இன்றைக்கு வைத்தால் ஓலை போடக் குடம் இருக்கும். ஓலை இருக்காது.

நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, நாரணமங்கலம்: ஓட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட்டால் தப்பா?

கொடுத்தவனும் குற்றவாளி, வாங்கினவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டம். 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் காசு ஓடிய ஓட்டத்தில் தேர்தலையே ரத்து செய்தார்கள்.

ஆனால் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. 'கை நீட்டி வாங்கிட்டோம், துரோகம் பண்ணக்கூடாது' என்று அவனுக்கே போடுகிறவர்கள்தான் அதிகம். நம்ம ஜனங்களிடம் நேர்மை இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. தப்பான இடத்தில் வேலை செய்கிறது.

திருமண மண்டப மேலாளர், பெரம்பலூர்: உலகத்திலேயே நேர்மையான கணக்குப் புத்தகம் எது?

மொய் நோட்டு. ஆடிட்டர் இல்லை, சட்டம் இல்லை, நோட்டீஸ் இல்லை. இருபது வருடம் கழித்தும் 'உங்க அப்பா 501 எழுதினார்' என்று தேடிவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். வருமான வரித்துறை இதற்கு ஒரு குழு அனுப்பி ரகசியத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

தலைமைக் கணக்கர், அரியலூர்: முப்பது வருடம் நேர்மையாக இருந்தேன். சந்தோஷமே இல்லை. எல்லோர் மேலும் எரிச்சல்தான் வருகிறது.

ஐயா, உங்களிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். நீங்கள் லஞ்சம் வாங்கவில்லை. ஆனால் உலகத்துக்கு வட்டிக்கு விட்டிருக்கிறீர்கள். 'நான் இவ்வளவு நல்லவனாக இருந்தேனே, எனக்கு என்ன செய்தீர்கள்?' என்று ஒவ்வொரு நாளும் வசூலுக்கு நிற்கிறீர்கள். யாரும் வட்டி தரவில்லை, தரமாட்டார்கள். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள்.

வாங்காத அன்பளிப்பை நினைத்து ஏங்குகிறவனைவிட, வாங்காததையே மறந்துபோனவன் பாக்கியசாலி. அவனுக்கு முதுகு வலியும் குறைவு.

நேர்மையானவள், பெரம்பலூர்: நான் எதையும் முகத்துக்கு நேரே ஓப்பனாகப் பேசிவிடுவேன். ஏன் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை?

ஓப்பனாகப் பேசுகிறவர்கள் யாரும் சொந்தக் குறையை ஓப்பன் செய்து நான் பார்த்ததில்லை.

ரியல் எஸ்டேட் தரகர், திருச்சி: நல்லது நடக்குமானால் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு சின்ன ஜன்னல் திறந்து வைத்தது உண்மை. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் பக்கத்தில் உட்காரலாம் என்றார். ஜெர்மன்காரர் காண்ட் அந்த ஜன்னலையும் சாத்தினார்: கொலைகாரன் வந்து கேட்டால்கூடப் பொய் கூடாதாம்.

நான் வள்ளுவர் கட்சி. ஆனால் அந்த ஜன்னல் வழியாக நீங்கள் அப்ரூவல் இல்லாத நாற்பது பிளாட்டை உள்ளே கொண்டுவருகிறீர்களே!

தத்துவ மாணவி, திருச்சி: நேர்மையாளன் கடைசி நிமிடத்தில் என்ன நினைப்பான்?

பாக்கி. கி.மு. 399ல் விஷம் குடித்துவிட்டுப் படுத்த சாக்ரடீஸ், நண்பரைக் கூப்பிட்டு, அஸ்கிலேப்பியஸ் சாமிக்கு ஒரு சேவல் பாக்கி, மறக்காமல் கொடுத்துவிடு என்றாராம். இதற்குப் பெரிய பெரிய தத்துவ விளக்கங்கள் உண்டு. அரியலூர்க்காரனுக்கு விளக்கம் தேவையில்லை. நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று தெரியும்.

புதுமணப் பெண், பாடாலூர்: கணவர் போனை எடுத்துப் பார்க்கலாமா?

உங்கள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு எடுங்கள்.

காண்டிராக்டர், பெரம்பலூர்: சம்பாதித்த வழி எப்படியோ, அன்னதானம் செய்கிறேன். மனது நிறைகிறது. போதாதா?

நிறையும். விஞ்ஞானமே சொல்கிறது. 2008ல் கனடாவில் ஆளுக்கொரு கவரில் பணம் கொடுத்து, பாதிப் பேரைத் தனக்காகவும் பாதிப் பேரை மற்றவர்களுக்காகவும் செலவழிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள்தான் சாயங்காலம் மலர்ந்த முகத்தோடு இருந்தார்கள்.

ஒரே வித்தியாசம், அந்தக் கவரை ஆய்வாளர்கள் தாங்களாகவே கொடுத்தார்கள். ரோட்டில் தார் குறையவில்லை.

இரண்டு பிள்ளைகளின் தந்தை, ஆலத்தூர் கேட்: பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

'அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்று தவணைக்காரனிடம் அனுப்பாதீர்கள். பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஓர் ஆய்வு. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920களில் அமெரிக்காவில் சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பியடிக்காத பையன் விளையாட்டில் ஏமாற்றினான். விளையாட்டில் ஒழுங்கானவன் வீட்டுப்பாடத்தில் ஏமாற்றினான். யோக்கியப் பிள்ளை, அயோக்கியப் பிள்ளை என்று இரண்டு சாதியே கிடையாது. நீதிபோதனை வகுப்புக்குப் போனதாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதை அவர்கள் பார்க்க விடுங்கள்.

முதியவர், பாடாலூர்: எண்பது வயதாகிறது. சந்தோஷத்தின் ரகசியத்தை யாராவது கண்டுபிடித்தார்களா?

ஹார்வர்டில் 1938ல் தொடங்கி ஒரே மனிதர்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார்கள். பணமும் இல்லை, புகழும் இல்லை. நம்பக்கூடிய நாலு பேர் கூட இருந்தவன்தான் நன்றாக இருந்தான், ஆரோக்கியமாகவும் இருந்தான் என்றார்கள். நாலு பேர் நம்மை நம்ப வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவா? பூமலை சஞ்சீவிராயர் படிக்கட்டில் சாயங்காலம் உங்களைச் சுற்றி எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வழக்கறிஞர், பெரம்பலூர்: ஊழலை ஒழிக்க யாராவது உருப்படியாக எதையாவது செய்தார்களா?

1962ல் ஒரு குழு போட்டார்கள். போட்டவர் உள்துறை மந்திரி. யார் என்கிறீர்கள், நம்ம அரியலூர் சாஸ்திரிதான். தலைவர் தமிழ்நாட்டுக்காரர் கே. சந்தானம், அவரும் முன்னாள் ரயில்வே இணை மந்திரி. அந்தக் குழு சொல்லித்தான் 1964ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் அதே 1964.

அறுபது வருடமாக அவர்கள் ஊழலைக் கண்காணிக்கிறார்கள். ஊழலும் அவர்களைக் கண்காணித்துக்கொண்டே வளர்கிறது.

பட்டா மாறுதலுக்கு அலைபவர், பாடாலூர்: இதெல்லாம் சரி மாமா. நாளைக் காலையில் காசு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

கொடுக்காதீர்கள். நேராக லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் போய் எழுதிக் கொடுங்கள். நோட்டில் ஃபினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். அதை வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். கையைக் கழுவினால் பாவம் போகும் என்பது பழைய சாஸ்திரம். அங்கே கையைக் கழுவினால்தான் பாவம் தெரியும்.

ஒருவேளை மிரட்டலுக்குப் பயந்து ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஏழாண்டு வரை சிறை. வேறு வழியின்றிக் கொடுத்தவர் தாமாகவே போய்ப் புகார் செய்தால் விலக்கு உண்டு. அதற்குச் சட்டம் தரும் அவகாசம் ஏழு நாள். எண்ணத் தொடங்குங்கள்.